சரக்கு லாரி வரும் நேரமும் ஒரு கால்பந்துக் கழகத்தின் மைதானமும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த பிரிஸ்டல் ரோவர்ஸ் கால்பந்துக் கழகம் 21,700 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கு ஒன்றைக் கட்டி அங்கே குடிபோக வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தது. இடம் கிடைத்தது, வரைபடம் தயாரானது, கட்டடம் எழுப்ப உள்ளூர் மன்றம் தரும் திட்ட அனுமதியும் கைக்கு வந்தது. பழைய மைதானத்தை ஏறக்குறைய 3 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொள்வதாகப் பிரிட்டனின் முன்னணிச் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒன்றான செயின்ஸ்பரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருந்தது. ஆனாலும் அந்த அரங்கு கட்டப்படவில்லை. கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிகள் காலையில் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், இரவில் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்று அனுமதி ஆணையில் இருந்த ஒரு நிபந்தனையை முன்வைத்து அந்த விற்பனை முறிந்தது. கழகம் நீதிமன்றம் போனது. 2015இல் உயர்நீதிமன்றத்திலும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

அந்த மைதானம் இருக்கும் ஹார்ஃபீல்டு பகுதியில்தான் நான் குடியிருக்கிறேன். சொத்து ஆவணங்களைப் படித்து, எந்த ஷரத்து யாரை எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்வது என் பிழைப்பின் ஒரு பகுதி. ரோவர்ஸ் ஆதரவாளர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், சூப்பர்மார்க்கெட் ஏமாற்றிவிட்டது என்பார்கள். அவர்களுடைய ஆற்றாமை எனக்கு முழுமையாகப் புரிகிறது. இருந்தாலும் தீர்ப்பைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு. ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் எல்லோரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நிபந்தனையை நிறைவேற்றித் தரும் வேலை யாருடையது, எவ்வளவு தூரம் போனால் அந்தக் கடமை தீர்ந்தது, நிறைவேறாமல் போனால் நட்டம் யார் தலையில் விழும் ஆகியவை பின்பக்கங்களில் இருக்கின்றன. ரோவர்ஸின் எதிர்காலம் அந்தப் பின்பக்கங்களில்தான் முடிவானது.

இப்படியொரு ஒப்பந்தம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் நிலைகளில் ஆடும் ஒரு கழகத்திடம் விலைபோகக்கூடிய பெரிய சொத்து, அது ஆடிக்கொண்டிருக்கும் மைதானம் ஒன்றுதான். புதிய அரங்குக்கு ஏறக்குறைய 4 கோடி பவுண்டு ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். டிக்கெட் வருமானத்தை நம்பி அந்தத் தொகையை எந்த வங்கியும் கடனாகக் கொடுக்காது. ஆகவே பழைய மைதானத்தை விற்றே புதியதைக் கட்ட வேண்டும். ஆனால் புதியது கட்டி முடியும்வரை பழையதைக் காலி செய்யவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க, வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, அரங்கு எழும்பும்வரை கழகம் அதே மைதானத்தில் குத்தகைக்கு இருந்துகொள்ள அனுமதிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளப்படுகிறது.

வாங்குபவரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விளையாட்டு மைதானமாக மட்டும் இருக்கும் நிலத்துக்கு 3 கோடி பவுண்டு யாரும் தரமாட்டார்கள். அங்கே ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் கட்டலாம் என்று திட்ட அனுமதி கிடைத்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. எனவே, ஏற்கத்தக்க அனுமதி வந்தால் வாங்குவோம், வராவிட்டால் இல்லை என்று அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். கழகமும் தன் பங்குக்கு, புதிய அரங்குக்கு அனுமதி கிடைத்தாக வேண்டும் என்று எழுதிக்கொள்கிறது. மெமோரியல் ஸ்டேடியம் என்ற பழைய மைதானம் பிரிஸ்டல் மாநகர மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. புதிய அரங்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமோ மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் (யுடபிள்யூஇ) ஃபிரென்சே வளாகத்தில், தெற்கு குளோஸ்டர்ஷர் மன்றத்தின் எல்லைக்குள் இருந்தது. இரண்டு மன்றங்கள், இரண்டு விதமான அக்கம்பக்கத்தார், இரண்டு தனித்தனி விசாரணைகள். இவை எல்லாம் ஒரு கெடுவுக்குள் முடிய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருந்தது.

இந்தக் கழகத்தின் கதையில் நிலமும் குத்தகையும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1883இல் தொடங்கப்பட்ட ரோவர்ஸ், 1897 முதல் ஈஸ்ட்வில் என்ற இடத்தில் ஆடியது. பக்கத்திலேயே எரிவாயு ஆலை இருந்ததால் இதன் ஆதரவாளர்களுக்குக் ‘கேஸ்ஹெட்ஸ்’ என்ற பெயர் வந்தது. இன்றும் அவர்கள் அந்தப் பெயரைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். போர்க்காலத்தில், 1940இல், அந்த மைதானத்தை நாய்ப் பந்தய நிறுவனம் ஒன்றுக்கு 12,000 பவுண்டுக்கு விற்றுவிட்டு, சொந்தக்காரராக இருந்த கழகம் குத்தகைதாரராக மாறியது. 1980இல் தெற்குப் பார்வையாளர் மாடம் தீப்பிடித்து எரிந்தது. 1986இல் ஈஸ்ட்வில்லை விட்டே வெளியேற நேர்ந்தது. பிரிஸ்டலின் பெயரைத் தாங்கிய கழகம் அடுத்த பத்து ஆண்டுகள் பக்கத்து ஊரான பாத் நகரின் ட்வெர்ட்டன் பார்க் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. அங்கே இருந்துகொண்டே 1990இல் மூன்றாம் நிலைச் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. ஈஸ்ட்வில் இருந்த இடத்தில் இப்போது ஐகியா கடை நிற்கிறது.

1996இல் ரோவர்ஸ் பிரிஸ்டலுக்குத் திரும்பி, ரக்பிக் கழகத்துக்குச் சொந்தமான மெமோரியல் மைதானத்தில் குடியேறியது. பின்னர் இரண்டு கழகங்களும் அந்த மைதானத்தில் பங்காளிகள் ஆயின. இருவரில் ஒருவர் நொடித்துப்போனால் மற்றவர் அந்தப் பங்கைச் சிறு தொகைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் ஒரு ஷரத்து இருந்தது. 1998இல் ரக்பிக் கழகம் கடனில் மூழ்கியபோது அந்த ஷரத்து உயிர் பெற்றது; மைதானம் முழுவதும் ரோவர்ஸுக்கு வந்துசேர்ந்தது. 1940க்குப் பிறகு முதன்முறையாகக் கழகத்துக்குச் சொந்த இடம் அமைந்தது நிபந்தனை எழுதிய ஒரு தாளினால்தான். அதனால் நிபந்தனை ஒப்பந்தம் என்றாலே தீமை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஷரத்தில் நிபந்தனை தெளிவாக இருந்தது. அது நடந்ததா இல்லையா என்பதில் யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமிருக்கவில்லை. செயின்ஸ்பரிஸுடன் 2011இல் போட்ட ஒப்பந்தத்தோடு அதை ஒப்பிட்டால் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முதல் உலகப்போரில் மடிந்த பிரிஸ்டல் ரக்பி வீரர்களின் நினைவாக 1921இல் திறக்கப்பட்ட இடம் இது. ஃபில்ட்டன் அவென்யூவில் இருக்கும் நினைவு வாயிலில் நவம்பர் மாதத்தில் பாப்பி மலர் வளையங்கள் வைக்கப்படுகின்றன. நினைவு நாளில் ஆட்கள் கூடி மௌனமாக நிற்கிறார்கள். உள்ளே போனால், பெரிய அரங்குகளின் ஒழுங்கு எதுவும் இருக்காது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பணநிலையில் கட்டப்பட்ட மாடங்கள், ஒன்றுக்கொன்று உயரமும் கூரையும் பொருந்தாமல், ஆடுகளத்தைச் சுற்றி நிற்கின்றன. தெற்குப் பக்கத்தில் தற்காலிகமாகப் போட்ட கூடார வடிவ மாடம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தது. ஏறக்குறைய 12,000 பேர் பார்க்கலாம். அதில் கணிசமானோர் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். மழை நாளில் கூரை இல்லாத பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தால், கழகம் ஏன் வேறு இடம் தேடியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் இருந்த இடத்திலேயே புதுப்பிக்கத்தான் முயன்றார்கள். மாணவர் விடுதியும் ஓட்டலும் சேர்த்துக் கட்டி, அந்த வருமானத்தில் 18,500 பேர் அமரும் அரங்காக மாற்றும் திட்டத்துக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. மறுவருடம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, விடுதி கட்ட முன்வந்த நிறுவனம் பின்வாங்கியது, திட்டமும் நின்றது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் நிக் ஹிக்ஸ் தலைமையிலான நிர்வாகம் இடம்பெயரும் முடிவுக்கு வந்தது. 2011இல் செயின்ஸ்பரிஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2012இல் தெற்கு குளோஸ்டர்ஷர் மன்றம் புதிய அரங்குக்குப் பச்சைக்கொடி காட்டியது. 2013 ஜனவரியில் பிரிஸ்டல் மாநகர மன்றம் சூப்பர்மார்க்கெட்டுக்கும் ஒப்புதல் வழங்கியது. அன்று ஊரில் இருந்த ரோவர்ஸ் ஆதரவாளர்கள் வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினார்கள். நம்பியதில் தவறும் இல்லை. செய்திகளில் அனுமதி கிடைத்தது என்றுதான் வந்தது, அனுமதியோடு ஒட்டிவந்த நிபந்தனைகளை யாரும் தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை.

அந்த நிபந்தனைகளில் ஒன்றுதான் லாரி நேரம். ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் பின்புறத்தை அதிகாலையில் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். குளிர்பதன இயந்திரம் உறுமியபடியே லாரி உள்ளே வரும். பின்னோக்கி நகரும்போது எச்சரிக்கை ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். பின்கதவு திறந்ததும் ரொட்டி, பால், காய்கறி அடுக்கிய இரும்புக் கூண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக மேடையில் உருண்டு இறங்கும். கடை திறக்கும்போது அலமாரிகள் நிரம்பியிருக்க வேண்டுமென்றால் இந்த வேலை ஊர் எழுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். மெமோரியல் மைதானத்தைச் சுற்றியோ ஒட்டியபடி வீடுகள் இருக்கின்றன. பல வீடுகளின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம்தான். அவர்களுடைய தூக்கத்தைக் காக்கும் கடமை மாநகர மன்றத்துக்கு உண்டு. ஆகவே சரக்கு இறக்கும் நேரத்தை மன்றம் சுருக்கி எழுதியது. இதில் மன்றத்தின் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெருக்களில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

ஆனால் ஒப்பந்தம் இப்படியொரு சூழலை முன்பே யோசித்து எழுதப்பட்டிருந்தது. மன்றம் அனுமதி வழங்கினாலும், அதில் கடையின் வியாபாரத்தைப் பாதிக்கும் கடுமையான நிபந்தனைகள் இருந்தால் அது ‘ஏற்கத்தக்க அனுமதி’ ஆகாது என்பது ஷரத்து. எவையெவை கடுமையானவை என்ற வரையறையில் சரக்கு இறக்கும் நேரமும் இடம்பெற்றிருந்தது. ஆக, வெளியுலகுக்குக் கிடைத்துவிட்டதாகத் தெரிந்த அனுமதி, ஒப்பந்தத்தின் கணக்கில் இன்னும் கிடைக்கவே இல்லை. நேரத்தை நீட்டிக்கக் கோரி மன்றத்துக்கு விண்ணப்பம் போனது. ஒலி பற்றிய ஆய்வு திருப்தியாக இல்லாததால் அது நிராகரிக்கப்பட்டது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்பதற்கும் ஒப்பந்தம் ஒரு வழி வைத்திருந்தது: திட்ட அனுமதிச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கருத்துக் கேட்க வேண்டும், வெற்றி வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட அளவை எட்டவில்லை என்று அவர் சொன்னால் மேல்முறையீடு செய்யும் கடமை கிடையாது. அவர் எட்டவில்லை என்றே சொன்னார்.

இதற்கிடையே வேறொரு தடையும் வந்து விலகியது. மைதானத்துக்கு அருகே உள்ள குளோஸ்டர் சாலையில் சிறு வியாபாரிகளின் கடைகள் நீண்ட வரிசையாக இருக்கின்றன. இறைச்சிக் கடை, காய்கறிக் கடை, ரொட்டிக் கடை என்று தனித்தனியாக வாங்கிச் செல்லும் பழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய சூப்பர்மார்க்கெட் வந்தால் இவை அழியும் என்று அஞ்சியவர்கள் அமைப்பாகத் திரண்டு, மன்றத்தின் அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2014 மார்ச்சில் அந்த வழக்கு தள்ளுபடியானது. வழக்கில் கழகத்துக்குச் சாதகமான முடிவுதான். ஆனால் அது முடிவதற்குள் மாதங்கள் கரைந்திருந்தன. கெடு வைத்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மாதமும், விலக நினைப்பவரின் பக்கமே சாய்கிறது.

விலக நினைத்ததற்கான காரணத்தையும் மறைக்கத் தேவையில்லை. 2011இல் பிரிட்டனின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஊருக்கு ஊர் நிலம் பிடித்து விஸ்தாரமான கடைகளைக் கட்டப் போட்டி போட்டன. மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. ஆல்டி, லிடில் ஆகிய மலிவு விலைக் கடைகளும் இணையவழி விற்பனையும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டன. வாரம் ஒருமுறை காரில் வந்து மொத்தமாக வாங்கிப்போகும் வழக்கம் குறைந்தது. 2015 ஜனவரியில் டெஸ்கோ தான் கட்டவிருந்த 49 பெரிய கடைகளைக் கைவிடுவதாக அறிவித்தது. செயின்ஸ்பரிஸும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தன் புதிய கடைத் திட்டங்களை வெட்டியிருந்தது. 2011இல் 3 கோடி பவுண்டு பெறுமானம் உள்ளதாகத் தெரிந்த ஹார்ஃபீல்டு கடை, 2014இல் அந்த நிறுவனத்துக்குச் சுமையாகிவிட்டது. லாரி நேரம் என்ற நிபந்தனை அவர்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சல்தான்; ஆனால் சந்தை நன்றாக இருந்திருந்தால் அதைத் தீர்க்க இன்னும் இரண்டு விண்ணப்பம் போட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீதிமன்றத்தில் கழகத்தின் வாதத்தின் சாரமும் ஏறக்குறைய இதுவே. திட்ட அனுமதியைப் பெற நியாயமான எல்லா முயற்சிகளையும் செய்வதாகவும், நல்லெண்ணத்தோடு நடந்துகொள்வதாகவும் செயின்ஸ்பரிஸ் ஒப்பந்தத்தில் உறுதி அளித்திருந்தது. மனம் மாறிய பிறகு அவர்கள் முயற்சியைத் தளர்த்திவிட்டார்கள், சரியான ஒலி ஆய்வோடு மறுபடி விண்ணப்பித்தால் நேரத்தை நீட்டிக்க முடியும், அதற்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டு அனுமதி இல்லை என்று காரணம் காட்டி விலகுவது நல்லெண்ணம் ஆகாது என்று கழகம் சொன்னது. 2015 ஜூலையில் நீதிபதி சோனியா பிரவுட்மன் இந்த வாதத்தை ஏற்கவில்லை. செய்ய வேண்டியவை என்று ஒப்பந்தம் எவற்றைப் படிப்படியாக எழுதியிருக்கிறதோ அவற்றைச் செயின்ஸ்பரிஸ் செய்திருக்கிறது. அதற்கு மேலும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. நல்லெண்ணம் என்ற பொதுச் சொல், வெளிப்படையாக எழுதப்பட்ட விலகும் உரிமையைப் பறித்துவிடாது. சுருக்கமாக, நீதிமன்றம் கண்ட விடை இதுதான். வியாபாரக் காரணத்துக்காக ஒருவர் வெளியேற விரும்புவது குற்றமில்லை. ஒப்பந்தம் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது அதன் வழியே அவர் போகலாம். 2016 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

தீர்ப்பு சட்டப்படி சரியானது என்றே நான் கருதுகிறேன். இதைச் சொன்னால் என் தெருவில் பலருக்குக் கோபம் வரும். ஆனால் இந்த நீதிமன்றங்கள், இரண்டு பக்கமும் வழக்கறிஞர்களை வைத்து எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை, ஒரு பக்கத்துக்கு இரக்கப்பட்டுத் திருத்தி எழுதுவதில்லை. நியாயமான முயற்சி என்ற சொற்றொடரைப் பார்த்ததும் விற்பவருக்கு ஒரு தைரியம் வருகிறது. அதற்குக் கீழே, எந்த விண்ணப்பம் யார் போடுவது, எத்தனை முறை போடுவது, யாருடைய கருத்தைக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று விரிவாக எழுதியவுடன், அந்த விவரங்கள்தான் சொற்றொடரின் எல்லையாகிவிடுகின்றன. ரோவர்ஸ் ஒப்பந்தத்தில் நிபந்தனையை நிறைவேற்ற விண்ணப்பிக்கும் வேலை பெரும்பாலும் வாங்குபவரின் கையில் இருந்தது. நிறைவேறாவிட்டால் வாங்குபவருக்கு நட்டம் இல்லை. கழகத்துக்கோ, புதிய அரங்கு, அதற்காகச் செலவழித்த பணம், கழிந்துபோன ஆண்டுகள் எல்லாமே போயின.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் விற்பவர் கேட்டுப் பெறக்கூடியவை இல்லாமல் இல்லை. பாரமான நிபந்தனை வந்துவிட்டால், வாங்குபவரின் ஒத்துழைப்போடு விற்பவரே தன் செலவில் மறுபடி விண்ணப்பிக்கும் உரிமையை எழுதி வாங்கலாம். அப்படி ஒரு விண்ணப்பம் மன்றத்தின் முன் நிலுவையில் இருக்கும்வரை கெடு தானாக நீளும் என்று சேர்க்கலாம். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விலகுவதற்கு ஒரு விலை வைப்பது. திரும்பித் தர வேண்டாத முன்பணம் ஒன்று கழகத்தின் கணக்கில் இருந்திருந்தால், விலகும் முடிவை எடுக்கும் மேசையில் அந்தத் தொகையும் ஒரு எண்ணாக இருந்திருக்கும். பெரிய நிறுவனங்கள் இதற்கு எளிதில் சம்மதிப்பதில்லை என்பது உண்மைதான். 2011இல் நிலத்துக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். கேட்டுப் பெற அதைவிடத் தோதான காலம் கழகத்துக்கு வாய்த்திருக்காது.

நிபந்தனையே இல்லாமல் விற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமே என்று நினைப்பவர்கள் பிரைட்டன் அண்டு ஹோவ் ஆல்பியன் கழகத்துக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 1995இல் அந்தக் கழகத்தின் கோல்ட்ஸ்டோன் மைதானம், போவதற்கு இன்னொரு இடம் தயாராகாத நிலையிலேயே, கடைகள் கட்டும் நில நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1997 ஏப்ரலில் அங்கே கடைசி ஆட்டம் முடிந்தது. அடுத்த இரண்டு பருவங்கள் எழுபது மைல் தொலைவில் இருந்த கில்லிங்ஹாமில் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை ஆடினார்கள். 1999இல் ஊருக்குத் திரும்பி, வித்டீனில் ஓட்டப் பந்தயத் தடம் சுற்றிய ஒரு தடகள மைதானத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஃபால்மரில் புதிய அரங்கு திறந்தது 2011இல். பதினான்கு ஆண்டுகள் ஒரு ஊரின் கழகத்துக்கு வீடில்லை. ஆதரவாளர்கள் விடாமல் போராடியிராவிட்டால் அந்தக் கழகமே இருந்திருக்காது. ரோவர்ஸ் நிர்வாகம் புதிய அரங்குக்கான அனுமதியையும் குத்தகையையும் விற்பனையோடு இறுக்கிக் கட்டியதால்தான், எல்லாம் முறிந்த பிறகும் மெமோரியல் மைதானம் கழகத்தின் பெயரிலேயே இருந்தது. ஹிக்ஸ் மீது கோபப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரிஸ்டலின் மற்றொரு கழகமான பிரிஸ்டல் சிட்டியும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே பாதையில்தான் போனது. ஆஷ்ட்டன் கேட் மைதானத்தைச் செயின்ஸ்பரிஸுக்கு விற்றுவிட்டு ஆஷ்ட்டன் வேல் வெளியில் புதிய அரங்கு கட்டுவது அவர்கள் திட்டம். அந்த வெளியைப் பொதுப் புல்வெளியாகப் பதிவு செய்யக் கோரி ஊர்மக்கள் விண்ணப்பித்தார்கள். அந்தப் பிணக்கில் ஆண்டுகள் ஓடின. கடைசியில் இடம்பெயரும் யோசனையைக் கைவிட்டு, ஆஷ்ட்டன் கேட்டையே இடித்து எழுப்பி, 27,000 பேர் அமரும் அரங்காக மாற்றினார்கள். அங்கே அதற்குப் பணம் போட வசதியான முதலாளி இருந்தார். மெமோரியல் மைதானத்தில் குடியிருந்த ரக்பிக் கழகமும் 2014இல் ஆஷ்ட்டன் கேட்டுக்கே போய்விட்டது. ரோவர்ஸுக்கு அப்படிப் பணம் கொட்டும் கை இல்லாததால்தான் சூப்பர்மார்க்கெட்டின் கையை நம்ப வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் இழுபறியில் இருந்த காலத்தில் ஆடுகளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014 மே மாதத்தில் ரோவர்ஸ், 1920 முதல் இருந்துவந்த தொழில்முறை லீக்கிலிருந்தே கீழே விழுந்தது. மறு ஆண்டே வெம்பிளியில் கிரிம்ஸ்பி டவுனைப் பெனால்டி உதைகளில் வென்று திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், இரண்டே மாதத்தில், உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2016 பிப்ரவரியில், மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு முந்தைய மாதத்தில், ஜோர்டானைச் சேர்ந்த அல் காதி குடும்பம் கழகத்தை வாங்கியது. பல்கலைக்கழக அரங்கை விற்பனைப் பணம் இல்லாமலே கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை மறுபடி துளிர்த்தது. ஆனால் அரங்கு யாருடைய நிலத்தில், எந்த உரிமையில், யாருக்கு எவ்வளவு வருமானம் தரும் வகையில் இருக்கும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போக முடியாமல் 2017 ஆகஸ்டில் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு பிரிஸ்டலின் முக்கிய ரயில் நிலையமான டெம்பிள் மீட்ஸ் பக்கத்தில் உள்ள பழமண்டி இடம் பேசப்பட்டது; அதுவும் காகிதத்தைத் தாண்டவில்லை. 2023இல் குவைத்தைச் சேர்ந்த ஹுசைன் அல்சயீத் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். கூடாரம் போல இருந்த பழைய தெற்கு மாடத்தை அகற்றிவிட்டு அங்கே புதிய மாடம் எழுப்பினார்கள். இப்போது கழகம் எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும், எவ்வளவு பேர் அமரலாம், எப்போது திறக்கும் என்ற கேள்விகள்தான் ஆதரவாளர் கூட்டங்களில் முதலில் எழுகின்றன. மெமோரியல் மைதானத்தை விற்கும் ஒப்பந்தம் மறுபடியும் வருமானால், நிபந்தனை நிறைவேற விண்ணப்பம் போடப்போவது யார், கெடு கடந்தால் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்ற இரண்டையும், கையெழுத்துக்கு முன்பே, ஆதரவாளர்களின் பிரதிநிதிகள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கச் சொல்லி எனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன், நானும் போகிறேன்.